பூசாத ஒரு முழம்

ஜூலை 9, ஞாயிறு

வீடு பார்க்க இன்று முதல் ஆள் வந்தார்.

வீட்டை விற்றுவிட்டு இஸ்ரேலுக்கு வந்துவிடுங்கள் என்று நெஹேமியா உத்தரவு போட்டு இரண்டு மாதம் ஆகிறது. பேர்ஷேவாவில் அவன் குடியிருக்கும் தெருவிலேயே எங்களுக்கு ஒரு சின்ன ஃபிளாட் பார்த்துவிட்டானாம். இவர் "சரிடா" என்றார். நானும் "சரிப்பா" என்றேன். மூன்று வேளையும் எருசலேமை நோக்கி நின்று ஜெபிக்கிறவள் மகனிடம் வேறு என்ன சொல்ல முடியும்? கொச்சியில் எங்கள் ஜனங்கள் எல்லோரும் அந்தக் காலத்திலேயே போய்விட்டார்கள். கோயமுத்தூரில் யூதர் என்று விரலை நீட்டினால் அது என்னையும் இவரையும்தான் காட்டும்.

வந்தவர் நூல் வியாபாரி. கூட்டிவந்தது புரோக்கர் ராக்கியப்பன். வாசற்படி தாண்டியதும் வியாபாரி நின்றுவிட்டார். எதிர்ச் சுவரில், வெள்ளைப் பூச்சுக்கு நடுவே, ஒரு முழத்துக்கு ஒரு முழம் செங்கல் தெரிகிறதே, அதைப் பார்த்து.

"ஏனுங்க, பூச்சு வேலை பாக்கி நிக்குதுங்களே?"

"பாக்கி இல்லீங்க, வேணும்னே விட்டது" என்று இவர் ஆரம்பித்தார். எருசலேமில் எங்கள் ஆலயம் இடிந்து கிடக்கிறது, அது எழும்பும்வரை எங்கள் ஆட்கள் யாரும் தங்கள் வீட்டை முழுசாக முடிக்கக் கூடாது, வாசலுக்கு நேரே ஒரு முழம் பூசாமல் விட வேண்டும், உள்ளே நுழையும்போதெல்லாம் அது கண்ணில் பட வேண்டும் என்று விளக்கினார். நன்றாகவே விளக்கினார். கடை நடத்திய காலத்தில் மோட்டார் பம்ப் வாங்க வந்தவர்களுக்குக்கூட இவ்வளவு பொறுமையாகச் சொன்னதில்லை.

வியாபாரி எல்லாம் கேட்டுவிட்டு, "சரிங்க, அந்தக் கோயிலுக்கு இந்தச் செவுரு என்னங்க பாவம் பண்ணுச்சு?" என்றார்.

ராக்கியப்பன் குறுக்கே விழுந்தார். "பத்து நிமிச வேலைங்க. ஒரு சட்டி சிமெண்டு. நானே பூசித் தர்றனுங்க."

"செவுத்தப் பூசிரலாமப்பா. குறை வெச்ச வீடுன்னு தெரிஞ்சுபோச்சே, அத எதுல பூசறது?" வியாபாரி கிளம்பிவிட்டார்.

ஏமாற்றமாகத்தான் இருந்தது. மத்தியானம் ரசம் அருமையாக அமைந்தது. இரண்டு முறை ஊற்றிக் குடித்தேன்.

ஜூலை 11, செவ்வாய்

தம்மூஸ் மாத நோன்பு. எருசலேமின் மதில் உடைபட்ட நாள். இன்று தொடங்கி, ஆலயம் எரிந்த ஆவ் மாதம் ஒன்பதாம் நாள்வரை மூன்று வாரம் துக்க காலம். பாட்டு இல்லை, கல்யாணம் இல்லை, முடிவெட்டு இல்லை, புதுத் துணி இல்லை. இதெல்லாம் எனக்கு யாரும் உட்கார்ந்து சொல்லித் தந்ததல்ல. மாமனார் விட்டுப்போன புத்தகங்களை அகராதியை மடியில் வைத்துக்கொண்டு நானே எழுத்துக் கூட்டிப் படித்தது. அதனால்தான் ஒரு சந்தேகம் வந்தால் விடமாட்டேன்.

இன்று ஒரு சந்தேகம் வந்தது. ஒரு முழம் என்று புத்தகத்தில் இருக்கிறது. யார் முழம் என்று இல்லை. வீடு கட்டும்போது கொத்தனார் என் கையை வைத்துத்தான் அளந்தார். என் கை குட்டை. இவர் கை என்னுடையதைவிட நான்கு விரல் நீளம். அப்படியானால் இத்தனை வருஷமாக எருசலேமுக்கான துக்கத்தில் நான்கு விரல் குறைத்துவிட்டோமோ? மதில் உடைந்த நாளில் இந்தப் பயம் வந்தது சும்மா அல்ல.

எங்கள் சமையலில் பாலும் கறியும் ஒரே பாத்திரத்தில் படக் கூடாது. பால் பாத்திரமா கறிப் பாத்திரமா என்று குழம்பிப்போய், சமையலுக்கு ஆகாதென்று ஒதுக்கி வைத்த ஒரு தோசைத் திருப்பி இருக்கிறது. மத்தியானம் இவர் தூங்கும்போது அதை எடுத்து ஓரத்தில் இரண்டு விரல் அகலம் சுரண்டினேன். காரை உதிர்ந்ததைப் பெருக்கி அள்ளிக் கறிவேப்பிலைச் செடிக்குப் போட்டேன்.

வேறு காரணம் எதுவும் இல்லை.

சுவர்க் கணக்கு: என் கைக்கு ஒரு முழம், இரண்டு விரல்.

ஜூலை 13, வியாழன்

ஓய்வுபெற்ற வங்கி மானேஜரும் அவர் மனைவியும் வந்தார்கள். மானேஜர் எல்லாச் சுவரையும் விரலால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். மனைவி சமையலறைக் குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்து, "சிறுவாணித் தண்ணியே தனி ருசிதான்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பிறகு இருவரும் செங்கல் முன்னால் வந்து நின்றார்கள்.

"ஏனுங்கம்மா, இங்க ஓதம் ஏறுதுங்களா?" என்று மானேஜர் என்னைக் கேட்டார். இவர் அந்த நேரம் பார்த்து மாடியில் தண்ணீர்த் தொட்டியைக் காட்டுகிறேன் என்று ராக்கியப்பனைக் கூட்டிப்போயிருந்தார்.

ஓதம் ஏறுகிறது என்று நான் சொல்லவே இல்லை. "மழைக்காலத்துல வந்து பாத்தாத்தான் தெரியுமுங்க" என்றேன். அது பொய்யல்ல. எந்தச் சுவரானாலும் மழைக்காலத்தில் பார்த்தால்தானே தெரியும்? அதைச் சொல்லும்போது ஒரு பெருமூச்சு வந்தது. நோன்பின் களைப்பு இன்னும் போகவில்லை.

அவர்கள் காப்பிகூடக் குடிக்கவில்லை.

ஜூலை 14, வெள்ளி

ஓய்வுநாள் ரொட்டி இரண்டு. மீன் மசாலா. விளக்கேற்றுவதற்கு முன் நெஹேமியா வீடியோவில் வந்தான்.

"ரெண்டு பார்ட்டி வந்தும் முடியலயாமே? ராக்கியப்பன் சொன்னாரு. அந்தச் சுவத்த விக்கற வரைக்கும் ஒரு காலண்டர் மாட்டி மறைங்களேன்."

"எருசலேம காலண்டர் போட்டு மறைக்கச் சொல்றியா?" என்றேன்.

"அம்மா, நான் இருக்கறதே எருசலேமுக்குப் பக்கத்துலதான். பஸ் ஏறினா போயிடலாம். நீங்க இங்க வந்தா சுவத்தப் பாத்து நினைக்க வேண்டியதில்ல, நேர்லயே பாத்துக்கலாம்."

இவர் கேமராவில் தலையை நுழைத்து, "வந்துடறோம்டா, வந்துடறோம்" என்றார். எவ்வளவு ஆசையாகச் சொன்னார்! இந்த மனிதருக்குப் பிள்ளையோடு போய் இருக்க அவ்வளவு ஏக்கம். நான் குறுக்கே நிற்கக் கூடாது. நிற்கவும் இல்லை.

ஜூலை 16, ஞாயிறு

துணி துவைத்தேன். சுவர்ப் பக்கம் போகவில்லை. அரை விரல், அவ்வளவுதான்.

ஜூலை 17, திங்கள்

ஆடி பிறந்துவிட்டது. ராக்கியப்பன் காலையிலேயே வந்து கும்பிடு போட்டார். "இனி ஆவணி பொறந்துதானுங்க. ஆடியில ஒருத்தனும் கிரயம் பேச மாட்டான்."

எங்கள் துக்க காலமும் இந்த ஊர் ஆடியும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். இவர்களும் கல்யாணம் வைக்கமாட்டார்கள், நாங்களும் வைக்கமாட்டோம். கர்த்தர் எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்கிறார். இவர் ராக்கியப்பனுக்குக் கைகொடுத்து, "பரவால்லீங்க, ஊருக்குப் போயி நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று தெருமுனைவரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார். ஏமாற்றத்தை வெளியில் காட்டாத மனுஷர்.

ஆனால் ஒன்று உதைக்கிறது. சாயங்காலம் சுவரை அளந்தேன். ஒரு முழம், ஐந்து விரல். நான் செய்தது இரண்டரை. மூன்று தடவை அளந்தேன். மிச்சம் இரண்டரை விரலுக்குக் கணக்கு இல்லை. பத்து ரூபாய்க் கொத்தமல்லிக்குக்கூட என்னிடம் கணக்கு உண்டு.

பல்லி சுரண்டுமா?

ஜூலை 18, செவ்வாய்

இவர் சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர். கேட்டதற்கு ஹாலில் சுவிட்ச் லூசாக இருந்தது என்றார். சுவிட்ச் இருப்பது வாசல் பக்கச் சுவரில், செங்கல்லுக்கு எதிரே. இவர் நகத்தில் செங்கல் பொடி. வயதாகிவிட்டது, எந்தச் சுவரில் என்ன இருக்கிறது என்பதே மறக்கிறது. டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும்.

ஜூலை 20, வியாழன்

ஆடியை நம்பி நிம்மதியாக இருந்தேன். ஆடி, அமாவாசை எதுவும் பார்க்காத ஒரு ஜோடி வந்து சேர்ந்தது. தாரிணி, பிரசன்னா. இரண்டு பேரும் வீடு வடிவமைக்கிற ஆர்க்கிடெக்டுகள். ராக்கியப்பன் போட்ட விளம்பரத்தைப் போனில் பார்த்துவிட்டு நேராக வந்துவிட்டார்கள்.

அந்தப் பெண் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே எதிர்ச் சுவரைப் பார்த்தாள். அப்படியே நின்றாள். ஆஹா, வேலை முடிந்தது என்று நான் (இப்படி எழுதக் கூடாது. அடித்துவிடவும் மனம் இல்லை.)

"பிரசன்னா! இங்க பாரேன்! ஒரிஜினல் செங்கல்!"

அவன் ஓடி வந்தான். இரண்டு பேரும் செங்கல்லைத் தடவிப் பார்த்தார்கள். போட்டோ எடுத்தார்கள். இவர் ஆலயத்தின் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னார். இந்தத் தடவை கொஞ்சம் தூக்கலாகவே சொன்னார். தீ, புகை, சிறைபிடித்துக் கொண்டுபோன ஜனங்கள் எல்லாம் வந்தது.

"செம கான்செப்ட் அங்கிள்!" என்றாள் தாரிணி. "ஓரமெல்லாம் இப்படிப் பிசிர் பிசிரா விட்டிருக்கீங்களே, அதுதான் அழகே. யாருங்க பண்ணினது?"

நான் கூரையைப் பார்த்தேன். இவர் தரையைப் பார்த்தார்.

"ஆன்ட்டி, நாங்க முடிவே பண்ணிட்டோம். இந்தச் சுவர் முழுக்கக் காரையைக் கொத்தி எடுத்துட்டு அப்படியே செங்கல்லா விட்டுடப் போறோம். இதுக்குன்னு தனியாச் செலவு பண்றாங்க தெரியுமா ஜனங்க?"

கேட்ட விலைக்குமேல் தருகிறார்களாம். "ஒண்ணாந்தேதி வந்து அட்வான்ஸ் குடுத்துடறோம் அங்கிள், ஓகேதானே?" என்று பிரசன்னா கேட்டான். இவர் காலண்டரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஓ, தாராளமா" என்றார்.

ஆகஸ்ட் ஒன்றாம் தேதி ஆவ் ஒன்பது. காலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன், ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்கு. வருஷத்திலேயே பெரிய துக்க நாள். இவர் கண்ணுக்கு அது படவில்லை போலிருக்கிறது. நானாவது எடுத்துச் சொல்லியிருக்கலாம். அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வந்து உள்ளே போய்விட்டேன்.

அடுப்பில் பால் இல்லை.

ஜூலை 24, திங்கள்

ஆவ் மாதம் பிறந்தது. இன்று முதல் கறி இல்லை, திராட்சரசம் இல்லை, துணி துவைப்பதும் இல்லை.

"எங்கம்மா துவைக்காம இருந்தது கடைசி வாரம் மட்டுந்தான்" என்றார் இவர், ஒரே ஒரு வெள்ளை வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு.

"உங்கம்மா கடைசி வாரம். நான் முழுசா."

"எருசலேம் எரிஞ்சது என் வேட்டியாலயா, சிப்போரா?"

"உங்க வேட்டியில செங்கல் பொடி எப்படி வந்துச்சு?"

"இது... பம்ப் துரு" என்றார். கடையை மூடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. பாவம், டாக்டரிடம் சீக்கிரம் கூட்டிப்போக வேண்டும்.

ஜூலை 27, வியாழன்

ஒரு யோசனை வந்தது. செங்கல் பிடித்துத்தானே அந்தப் பெண் வீட்டைக் கேட்கிறாள்? சுவரைப் பூசிவிட்டால்? முழுவதும் அல்ல, அது பாவம். சட்டப்படி உள்ள ஒரு முழத்தை விட்டுவிட்டு மற்றதை மூடிவிட்டால், சின்னதாகப் போய்விடும், அழகும் போய்விடும். சுவர் முழுக்கக் கொத்தி எருசலேமை அலங்காரப் பொருளாக ஆக்குவதைவிட இது எவ்வளவோ மேல். வெள்ளைச் சிமெண்டு ஒரு பாக்கெட் வாங்கிவந்து, சட்டியில் தண்ணீர் ஊற்றி, கரண்டியைக் கையில் எடுத்துவிட்டேன்.

அப்போது மனதில் இடித்தது. ஆவ் மாதத்தின் இந்த முதல் ஒன்பது நாளில் வீட்டைப் பூசுவது, அழகுபடுத்துவது எதுவும் கூடாது. புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். கூடாது. இன்னொரு புத்தகம் பார்த்தேன். அதிலும் கூடாது. மூன்றாவது புத்தகம் இந்த வீட்டில் இல்லை.

சுவர் இடிந்து விழும் நிலையில் இருந்தால் மட்டும் சரிசெய்யலாமாம். சுவரைக் கையால் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. அந்தக் காலத்துக் கொத்து வேலை.

வெள்ளைச் சிமெண்டு வீண். சுவர்க் கணக்கு: ஒரு முழம், ஏழு விரல். இப்போது அளக்கவே பயமாக இருக்கிறது.

ஜூலை 28, வெள்ளி

நெஹேமியா டிக்கெட் விலை பார்க்கிறானாம். "ஜன்னல் சீட்டா அம்மா?" என்று கேட்டான். எது கிடைக்கிறதோ அது என்றேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன், கண்ணில் தண்ணீராக வந்தது. இவர் எதற்கு அப்போது மூக்கைச் சிந்தினார் என்று தெரியவில்லை. இவர் வெங்காயத்தின் பக்கத்திலேயே இல்லை.

ஜூலை 31, திங்கள்

நோன்புக்கு முன் கடைசிச் சாப்பாடு. தரையில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு வேகவைத்த முட்டை, சாம்பலில் தொட்டு. நாளை அவர்கள் வருகிறார்கள் என்று இவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போன் இரண்டு பேருக்கும் நடுவில்தான் கிடந்தது. யாரும் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 2, புதன்

நேற்று எழுதக் கூடாது என்பதால் எல்லாவற்றையும் சேர்த்து இன்று எழுதுகிறேன்.

ஆவ் ஒன்பதில் குளியல் இல்லை, செருப்பு இல்லை, தண்ணீர்கூட இல்லை. மத்தியானம்வரை நாற்காலியில் உட்காரக் கூடாது. யாரையும் வாங்க என்றோ எப்படியிருக்கீங்க என்றோ கேட்கக் கூடாது. ஹால் விளக்கை அணைத்து, செங்கல் சுவரைப் பார்க்கத் தரையில் உட்கார்ந்து, இவர் புலம்பல் புத்தகத்தை ராகம் போட்டுப் படித்தார். இவர் ராகம் எப்போதும் பாதியில் தடம் மாறிவிடும். நேற்று மாறவில்லை. "தங்கள் மனைகளைவிட்டுப் போனார்கள்" என்பதுபோல ஒரு இடம் வந்தபோது நிறுத்திவிட்டு வெகுநேரம் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டுத் தெய்வானை அக்கா வந்தார். இத்தனை வருஷப் பழக்கம், அவருக்கு எல்லாம் தெரியும். எதுவும் கேட்காமல், செருப்பை விட்டுவிட்டு, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். சாவு வீட்டுக்குப் போனால் இந்த ஊரிலும் அப்படித்தானே. வா என்று கூப்பிடுவதில்லை, போய் வருகிறேன் என்று சொல்வதில்லை. எனக்கு அவரிடம் இதையெல்லாம் விளக்க வேண்டிய வேலையே இருந்ததில்லை.

அப்போதுதான் கார் வந்து நின்றது. தாரிணி, பிரசன்னா, கூடவே பிரசன்னாவின் அம்மா. அந்த அம்மாள் கையில் வெற்றிலை, பழம், மல்லிகைப் பூ, இனிப்பு, அதன்மேல் பணக் கவர், எல்லாம் வைத்த தாம்பாளம்.

வாசலில் கால் வைத்த அம்மாளுக்கு ஒரே பார்வையில் புரிந்துவிட்டது. இருட்டு ஹால், தரையில் மூன்று பேர், தலை வாராத நான். தாம்பாளத்தைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"ஐயோ," என்று குரலை இறக்கி, தெய்வானை அக்காவிடம்தான் கேட்டார், "யாருக்குங்க்கா?"

"இவங்க கோயிலுக்குங்க."

"கோயிலுக்கா?"

"இடிச்சுத் தீ வெச்சுட்டாங்களாமா. இன்னைக்குத்தான் அந்த நாளு."

"ஐயோ பாவமே. எப்பங்க?"

தெய்வானை அக்கா இவரைப் பார்த்தார். இவர் இரண்டு விரலைக் காட்டினார். "ரெண்டாயிரம் வருசமாச்சுங்க" என்றார் தெய்வானை அக்கா, போன வாரம் நடந்த மாதிரி.

அம்மாள் இவர் பக்கம் திரும்பினார். "இன்னும் தீட்டுக் கழியலீங்களா?"

"இன்னும் இல்லீங்க" என்றார் இவர்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. தாம்பாளத்தை மகனிடம் தள்ளிக் காரில் வைக்கச் சொல்லிவிட்டு, சேலையை ஒதுக்கிக்கொண்டு எங்களோடு தரையில் உட்கார்ந்தார். எதிர்ச் சுவரைப் பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்தார். "ஏன் கண்ணு, டிசைனு டிசைனுன்னு நீ சொன்னது இதையா? இது எழவு வீட்டு அடையாளம். இதப் போயி செவுரு முழுக்கப் பண்றேங்கறயே?"

தாரிணிக்கு முகம் சிவந்துபோனது. நல்ல பெண்தான். "சாரி ஆன்ட்டி. எனக்கு இவ்ளோ சீரியஸ்னு தெரியல. நாங்க முழுசாக் கொத்தல. இந்த ஒரு முழத்த மட்டும் அப்படியே விட்டுடறோம். சுத்தி ஃபிரேம் போட்டு, மேல ஒரு குட்டி லைட் வெச்சு..."

"லைட்டு வேண்டாம்மா" என்றார் இவர். "அது பாத்து ரசிக்கற எடம் இல்ல. உள்ள நுழையறப்போ முள்ளு மாதிரி லேசாக் குத்தணும். அவ்வளவுதான் அதுக்கு வேல."

பிரசன்னா தயங்கி, "அப்ப அட்வான்ஸ் அங்கிள்?" என்றான்.

"இன்னைக்குப் பணம் தொடறதில்ல."

"நாளைக்கு?"

இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். வேண்டாம் என்று இவர் சொல்லட்டும் என்று நான் காத்திருந்தேன். எதற்குச் சொல்வார், மகனிடம் போகத் துடிக்கிற மனுஷர்? தெய்வானை அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தார். கடைசியில் அந்த அம்மாள்தான் எழுந்தார். "துக்க வீட்டுல என்னடா கணக்குப் பேச்சு? நட." சொல்லிக்கொள்ளாமல் போனார்கள். தெய்வானை அக்காவும் சொல்லிக்கொள்ளாமல் போனார்.

மத்தியானம் தாண்டியதும் நாற்காலியில் உட்காரலாம். எங்கள் வீட்டில் பெண்கள் அப்போது எழுந்து வீட்டைப் பெருக்குவது வழக்கம். ஆலயம் எரிந்த அதே நாளில்தான் மேசியா பிறப்பார் என்று ஒரு நம்பிக்கை, வருகிறவர் குப்பை வீட்டுக்கா வருவார்? ஆகவே பெருக்கினேன். மூலை முடுக்கெல்லாம் பெருக்கிக்கொண்டு வந்து, வாசல் மிதியடியைத் தூக்கினேன்.

அடியில் ஒரு முறம் நிறைய அள்ளலாம்போலக் காரைத் தூள். செங்கல் பொடி.

என் தூளெல்லாம் கறிவேப்பிலைக்குப் போய்விட்டது. குப்பையை மிதியடிக்குக் கீழே தள்ளுகிற பழக்கம் இந்த வீட்டில் ஒருவருக்குத்தான் உண்டு.

"ஏங்க, இங்க வாங்க. இது என்ன?"

"எது?"

"இதுதான்."

இவர் குனிந்து பார்த்தார். "பல்லியா இருக்கும்."

"பல்லி ஸ்க்ரூடிரைவர் வெச்சிருக்குமா?"

"வெச்சிருக்காது" என்று ஒப்புக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, "தோசைத் திருப்பி வெச்சிருக்குமா?" என்றார்.



"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் மத்தியானம் என்னைக்கு சிப்போரா தூங்கிருக்கேன்? கண்ண மூடிட்டுக் கெடப்பேன். கர்ருகர்ருன்னு சத்தம் கேட்டுச்சு. சரி, இவளும் நம்ம கட்சியான்னு நெனச்சேன். ஆனா மறுநாள் காலையில எந்திரிச்சு எருசலேம் எருசலேம்னு ஜெபம் பண்றே. அப்ப போகத்தான் ஆசையோன்னு தோணுச்சு. உன் ஆசைக்குக் குறுக்க நிக்க முடியுமா?"

"நீங்கதானே புள்ளகிட்ட வந்துடறோம்டா, வந்துடறோம்டான்னு உருகுனீங்க!"

"அவன் மொகத்தப் பாத்து வேற என்ன சொல்றது? நீ என்ன சொன்னே?"

"சரிப்பான்னேன்."

ஆவ் ஒன்பதில் சிரிக்கக் கூடாது. எனக்குத் தெரியும், எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம் என்பதுகூடத் தெரியும். விளக்குமாற்றால் வாயைப் பொத்திக்கொண்டேன். இவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், முதுகு மட்டும் குலுங்கியது. செங்கல்லுக்கு நேராக நின்று குலுங்கியதால், பார்க்கிறவர்கள் அழுகிறார் என்றுதான் நினைத்திருப்பார்கள். கொஞ்சம் அழவும் செய்தார். நானும்தான்.

இன்று மத்தியானம் தாண்டி எல்லாத் தடையும் நீங்கிய பிறகு, இவர் தாரிணிக்குப் போன் செய்து வீடு விற்பதற்கில்லை என்றார். அவள், "தெரியும் அங்கிள், அத்தை கார்லயே சொல்லிட்டாங்க" என்றாளாம். அவர்கள் எங்கே வீடு கட்டினாலும் வாசலுக்கு எதிரே ஒரு முழம் பூசாமல் விட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டாளாம். "விட்டுக்கம்மா. நீ எத நெனச்சு வேணாலும் விட்டுக்க. லைட்டு மட்டும் வேண்டாம்."

பிறகு நெஹேமியா. போனை இவர் என்னிடம் நீட்டினார். நான் இவரிடமே தள்ளினேன். கடைசியில் இரண்டு பேரும் முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

"அப்பா, என்ன வெளையாட்டு இது? ஒரு செவுத்துக்காகவா வர மாட்டேங்கறீங்க?"

"அங்க எருசலேமுக்கு அழறதுக்குப் பல லட்சம் பேர் இருக்கீங்க. கோயமுத்தூர்ல நாங்க ரெண்டே பேர்டா. நாங்களும் வந்துட்டா இந்த ஊர்ல யாரு அழறது?"

அவன் கோபமாக இருக்கப் பார்த்தான். முடியவில்லை. அவன் மூக்கும் சிரிப்பும் இவருடையதுதான். "சரி, எப்பதான் வருவீங்க?"

"அடுத்த வருஷம்."

"போன வருஷம் கூப்பிட்டப்பவும் இதத்தான் சொன்னீங்க!"

"நம்ம ஆளுங்க ரெண்டாயிரம் வருஷமா அடுத்த வருஷம் எருசலேம்ல, அடுத்த வருஷம் எருசலேம்லன்னு சொல்லிட்டு இருக்காங்க. நீ ஒரு வருஷத்துக்கே இப்படி அலுத்துக்கறயே" என்றார் இவர்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

கொத்தனார் வந்தார். அன்றைக்கு வாங்கிய வெள்ளைச் சிமெண்டு வீண்போகவில்லை. ஓரத்தையெல்லாம் பூசி, நடுவில் ஒரு முழம் விட வேண்டும் என்றோம். "யாரு முழமுங்க?" என்று கேட்டார். நான் கையை வைத்தேன். இவர் கையை வைத்தார். சண்டை வந்தது. கொத்தனார் பீடி பிடிக்க வெளியே போய்விட்டார். முடிவில் அகலத்துக்கு இவர் முழம், உயரத்துக்கு என் முழம் என்று ஆயிற்று. சற்றே படுத்த மாதிரி ஒரு கட்டம். வாசலில் நின்று பார்த்தேன். குத்த வேண்டிய அளவுக்குக் குத்துகிறது.

சுவர்க் கணக்கு நேராகிவிட்டது.

நெஹேமியா மனதை முழுக்க மாற்றிக்கொண்டதாகத் தெரியவில்லை. ராக்கியப்பனுக்கு இன்னும் போன் செய்துகொண்டுதான் இருக்கிறானாம். ஆவணி பிறந்ததும் எப்படியும் ஒரு பார்ட்டியோடு வருவேன் என்று ராக்கியப்பன் சொல்லி அனுப்பியிருக்கிறார். வரட்டும். தோசைத் திருப்பியைத் தேய்த்துக் கழுவி, ஹாலிலேயே கைக்கெட்டும் ஆணியில் மாட்டிவைத்தேன். பக்கத்து ஆணியில் இவர் ஸ்க்ரூடிரைவரை மாட்டியிருக்கிறார்.